கத்ரா அண்ணாச்சியும் பெயரில்லாத வரைபடமும்

டெல்லி மாநகரம் மொத்தமும் சேர்ந்து பயப்பட வேண்டியதை ஒரே மனிதர் தனியாளாகப் பயந்து முடித்து வைத்தார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்தவள். காலையில் ஆபீசுக்குள் நுழையும்போதே மூக்கை உறிஞ்சி, "ஏதோ கருகுத வாடை வருது, யாரும் சுவிட்சைத் தொடாதீங்க" என்பார். பார்த்தால் கீழே பராட்டாக் கடையில் பராட்டா கருகியிருக்கும்.

"கத்ரா" என்றால் இந்தியில் அபாயம். டெல்லித் தெருக்களில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி மேல் மண்டை ஓடு வரைந்து, அடியில் சிவப்பில் எழுதியிருப்பார்களே, அந்த வார்த்தை. ஆபீசில் எல்லோரும் அவரைக் "கத்ரா ஜி" என்றார்கள். திருநெல்வேலிக்காரரை ஜி போட்டுக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, "அண்ணாச்சி" என்றேன். இரண்டும் ஒட்டிக்கொண்டு கத்ரா அண்ணாச்சி ஆகிவிட்டார். நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

நேரு ப்ளேஸில் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியில் எங்கள் ஆபீஸ். பொதுமக்கள் இணையத்தில் திறந்து பார்க்கிற வரைபடங்களைச் செய்து கொடுப்பது தொழில். அண்ணாச்சிக்கு டெஸ்டிங் வேலை. அதாவது நாங்கள் கட்டுவதையெல்லாம் அவர் உடைத்துப் பார்ப்பார். இதில் என்ன கெடுதல் வரும் என்று யோசிப்பதற்கு அவருக்கு மாதச் சம்பளம். அதுவரை அதை ஓசியிலேயே செய்துகொண்டிருந்தவர்.

லிஃப்டில் ஏற மாட்டார். முழங்கால் வலி பொறுக்க முடியாத நாளில் வேறு வழியில்லாமல் ஏறும்போது கீழேயிருந்து எனக்கு போன் செய்வார். "பிள்ள, நான் ஏறுதேன். நீ போனை வச்சிராத." நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே லிஃப்ட் வாசலுக்குப் போய் நிற்பேன். உள்ளே சிக்னல் போய்விடும். கதவு திறந்ததும், கப்பல் மூழ்கித் தப்பித்தவர் மாதிரி வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குவார்.

தோள்பையில் டார்ச், விசில், ஒரு முழக் கயிறு, சித்திரை மாதத்திலும் குரங்குக் குல்லாய். நாயைக் கண்டால் அவருக்கு உடம்பு விறைத்துவிடும். அதனால் பை நிறைய பிஸ்கட் பாக்கெட். "கப்பம் கட்டிட்டுப் போயிருவோம், நமக்கெதுக்கு வம்பு" என்று வழியில் படுத்திருக்கும் நாய்களுக்கெல்லாம் போட்டுக்கொண்டே வருவார். நாய்கள் அவர் மேல் பாசம் வைத்துக் கூட்டமாகப் பின்னால் வரும். கூட்டத்தைப் பார்த்து இன்னும் பயந்து இன்னும் பிஸ்கட் வாங்குவார்.

குரங்குகளை விரட்ட, லங்கூர் என்ற கருமுகக் குரங்கின் படத்தை ஆள் உயரத்துக்கு வெட்டி நிறுத்துவது டெல்லியில் வழக்கம். அப்படி ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து தன் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னலோரம் நிறுத்தினார். அதன்பிறகு குரங்குகள் வரவில்லை. எங்களைப் பார்க்க வந்த ஒரு வாடிக்கையாளரும் வாசலோடு திரும்பிவிட்டார்.

இதையெல்லாம் விட முக்கியமானது அவருடைய ஒன்று கூட்டும் பழக்கம். எந்த எண்ணைக் கையில் கொடுத்தாலும் அதோடு ஒன்றைக் கூட்டிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. "நம்ம நம்பர்ல நம்ம சாமான் இருக்கும். அடுத்த நம்பர்ல என்ன இருக்குன்னு பாத்தாத்தானே பூட்டு சரியா இருக்கான்னு தெரியும்?" என்பார்.

ஒருமுறை ஒரு கோயிலில் செருப்பு விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, டோக்கன் தொலைந்துவிட்டது என்று சொல்லித் தன் எண்ணுக்கு அடுத்த எண்ணைச் சொல்லியிருக்கிறார். அவர்களும் பளபளவென்று ஒரு புதுத் தோல் செருப்பை எடுத்து நீட்டிவிட்டார்கள். அண்ணாச்சி வெலவெலத்துப் போனார். "ஐயோ, எவனோ ஒருத்தன் செருப்பு என் கையில இருக்கே!" வெறுங்காலோடு வெயிலில் அதைக் காவல் காத்து நின்றார். சொந்தக்காரர் வந்து, தன் செருப்பைத் திருடன் கையில் பார்த்து, சட்டையைப் பிடித்துவிட்டார். "இதுக்குத்தான் சார் உங்க பூட்டைச் சோதிச்சேன்" என்று இவர் இந்தியில் விளக்க முயன்றது நிலைமையை மோசமாக்கியது.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை இணையத்தில் இறக்கும்போதும் ஒன்றைக் கூட்டி, முன்பின் தெரியாத ஒருவரின் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டார். அந்த மனிதருக்காக ஒரு வாரம் இவர் ஜிலேபி தொடவில்லை.

இனி என் பயத்தைச் சொல்ல வேண்டும்.

அப்பா ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ரிட்டையர் ஆனதும் மன்னார்குடிக்குப் போய்விட்டார். நான் வேலைக்காக டெல்லியிலேயே தங்கினேன். பிகாஜி காமா மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் முகமத்பூர் சந்துக்குள் ஒரு அறை. அந்தக் குளிர்காலத்தில் ஒருவன் என்னைப் பின்தொடர ஆரம்பித்தான். முதலில் மெட்ரோ வாசலில் நின்றான். பிறகு மெடிக்கல் ஷாப் முனையில். எதுவும் பேசவில்லை. மாலையில் ஐந்தரைக்கே இருட்டி, பனிப்புகை இறங்கிவிடும் மாதம். ஒருநாள் நான் தாமதமாக வந்தபோது, பக்கத்தில் வந்து மெதுவாக, "ஆஜ் லேட் ஹோ கயீ, மேடம்?" என்றான். இன்றைக்கு லேட்டாகிவிட்டதா என்று, ஏதோ கட்டின புருஷன் கேட்பது போலக் கேட்டான். அன்று அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, கட்டிலையும் கதவோடு இழுத்துப் போட்டேன்.

யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால், "வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், ஆத்துக்குக் கிளம்பி வா" என்பார். வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால் அறையைக் காலி செய்யச் சொல்வாள். போலீசில் முதலில் என் பெயரையும் விலாசத்தையும்தான் கேட்பார்கள். என் பெயர் வெளியே வந்த நிமிஷம் என் டெல்லி வாழ்க்கை முடிந்தது.

அப்போதுதான் எங்கள் ஆபீஸ் ஓர் அரசுத் துறைக்காக ஒரு வரைபடம் செய்திருந்தது. யார் வேண்டுமானாலும் திறந்து, தங்கள் தெருவில் எங்கே விளக்கு இல்லை, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று புள்ளி வைத்து, பக்கத்தில் குறிப்பு எழுதி, சேமித்து வைக்கலாம். கணக்குத் தொடங்க வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். 'பெயரில்லாமல் சேமி' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் ஒரு லிங்க் வரும். அந்த லிங்க்கைத் திறந்தால் நம் வரைபடம் வரும்.

நான் அந்தப் பொத்தானை அமுக்கினேன். என் வாசலில் முதல் புள்ளி வைத்து, 'என் வாசல்' என்று எழுதினேன். பிறகு அவனைப் பார்க்கும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி, 'இங்கே நின்றான்' என்று குறிப்பு. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழிலேயே எழுதினேன். புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கிழமை எந்த முனையைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்தது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் காட்டுவதற்கு உலகத்தில் எனக்கு இருந்த ஒரே சாட்சியும் அதுதான். போனில் தடயமே இருக்கக் கூடாது என்று தினமும் பிரவுசரைத் துடைத்துவிடுவேன். லிங்க்கின் முடிவில் இருந்த எண்ணை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

எண் என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். பொத்தானைச் செய்தவன் தீபக் என்ற கான்பூர்க்காரன். நல்லவன், அவசரக்காரன். சேமிக்கும் ஒவ்வொருவருக்கும் வரிசையாக அடுத்த எண் கொடுத்திருந்தான். அண்ணாச்சி இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார். ஆனால் அவர் தீபாவளிப் புகைக்குப் பயந்து திருநெல்வேலிக்கு லீவில் போயிருந்தார். அவர் இல்லாத சமயத்தில் வரைபடம் வெள்ளோட்டத்துக்குத் திறந்துவிடப்பட்டது.

ஊரிலிருந்து வந்தவர் சோதனைக்காக ஒரு பழைய லிங்க்கைத் திறந்தார். வழக்கம்போல ஒன்றைக் கூட்டினார்.

"ஐயையோ! நான் ஒரு பொம்பளப்பிள்ள வாசல்ல நிக்கேன்!"

ஆபீசே எழுந்து நின்றது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அண்ணாச்சி கழுத்திலிருந்த துண்டை உருவி மானிட்டர் மேல் போட்டு, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "யாரும் பாக்கக் கூடாது! கோயி மத் தேக்கோ! திரும்பிக்கிடுங்க எல்லாரும்!"

தீபக் சிரித்தான். "கத்ரா ஜி, டெமோ ஹை. கோன் தேக்கேகா?" வெறும் டெமோ, யார் பார்க்கப் போகிறார்கள் என்றான்.

"நான் பாத்துட்டேன்லா?" என்றார் அண்ணாச்சி. "நான் பாத்தா அவனும் பாப்பான்."

துண்டின் ஓரத்தில் முகமத்பூர் சந்தின் வளைவு தெரிந்தது. அந்த ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மானிட்டரைக் கட்டிக்கொண்டிருந்தார். இன்னொருத்தி நான். அவர் என்னைப் பார்க்கிறாரா என்று பார்த்தேன். அவர் லங்கூர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானே அதை அழித்துவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். யாரோ ஒருவர் இன்னொருவர் வரைபடத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று, பெயரில்லாதவர்கள் புள்ளி சேர்க்கலாம், எடுக்க முடியாது என்று தீபக் வைத்திருந்தான். சர்வரின் சாவியும் அவனிடம். அழித்துக் கொடு என்று கேட்டால் எதை என்று சொல்ல வேண்டும். சொன்னால், அது நான் என்று சொன்னதாகிவிடும்.

அன்று மத்தியானமே முதலாளி கூட்டம் போட்டார். குண்டான, கலகலப்பான பஞ்சாபிக்காரர். எந்தப் பிரச்சினையையும் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார். "சிம்பிள். பெயரில்லாத எல்லாவற்றையும் இன்றே டெலீட் செய். இனிமேல் போன் நம்பர், ஓடிபி இல்லாமல் யாரும் சேமிக்க முடியாது. அச்சா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். அழித்தால் என் சாட்சி போயிற்று. அழிக்காமல் விட்டால், எண்ணைக் கூட்டத் தெரிந்த எவனும் என் வாசலுக்கு வந்துவிடுவான். ஓடிபி வந்தால் இனி ஒரு புள்ளியும் என்னால் வைக்க முடியாது.

அண்ணாச்சி ஓடிபியை ஆதரிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பூட்டு, தாழ்ப்பாள், ஓடிபி என்று எது கிடைத்தாலும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் மனிதர். அவர் எழுந்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஸாப், ஜோ டர்தா ஹை, வோ நாம் நஹி தேதா."

பயப்படுகிறவன் பெயர் சொல்ல மாட்டான் என்றார். அவருடைய இந்தியில் இலக்கணத்தோடு வந்த ஒரே வாக்கியம் அதுதான். அதற்கு மேல் இந்தி தீர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "பிள்ள, நான் சொல்லுததை அவருக்குச் சொல்லு" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன்.

"நான் ஆயுசு முழுக்கப் பயந்தவன். எனக்குத் தெரியும்னு சொல்லு. போன் நம்பர் கேட்டா, தண்ணி தேங்குதுன்னு எழுதுதவன் குடுத்திருவான். ஒருத்தன் பின்னாலயே வாரான்னு எழுதுதவ குடுக்க மாட்டா. பொத்தானைப் பாத்துட்டு மூடிட்டுப் போயிருவா. அப்புறம் அவளுக்கு யாரும் இல்ல."

"ஃபிர் உஸ்கா கோயி நஹி" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தேன். ஜலதோஷம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

"அரே!" என்றார் முதலாளி. "பெயரில்லாமல் எவனாவது கன்னாபின்னாவென்று எழுதி வைத்தால்?"

"லிங்க் இருக்கிறவனைத் தவிர யாருக்கும் தெரியப் போறதில்ல. ரொம்ப நாள் திறக்காமக் கிடந்தா தானா அழியட்டும். கதவை நான் பூட்டித் தாரேன். திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

திங்கட்கிழமை துறை அதிகாரிகள் வருகிறார்கள். முதலாளி டீயைக் குடித்து முடித்து, தலையாட்டினார். பூட்டு தயாராகும்வரை வரைபடத்தை வெளியாருக்கு மூடிவைத்தோம்.

புது லிங்க்கில் எண் கிடையாது, யாரும் ஊகிக்க முடியாத நீளமான எழுத்துக் குப்பை வரும் என்றான் தீபக். அண்ணாச்சி பதறினார். "பயந்தவ எழுதி வச்சுக்கிட மாட்டாய்யா, மனசுலதான் வச்சுக்கிடுவா. குப்பையை எப்படி மனப்பாடம் பண்ணுவா?" கடைசியில் ஒரு பெரிய சொல்மூட்டையிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த ஆறு சாதாரண இந்திச் சொற்களைக் கோர்ப்பது என்று முடிவானது.

பழைய வரைபடங்கள்தான் சிக்கல். சொந்தக்காரர்கள் யாரென்றே தெரியாது. பெயர் இல்லாதவர்களுக்கு, 'உங்கள் பூட்டை மாற்றிவிட்டோம்' என்று எங்கே போய்ச் சொல்வது? சேமித்தபோது பிரவுசரில் ஒரு அடையாளச் சீட்டு விழுந்திருக்கும், அது இருந்தால் திறந்துவிடலாம் என்றான் தீபக்.

"இருக்காது" என்றார் அண்ணாச்சி. "அவ தினமும் துடைச்சிருப்பா. நான் தினமும் துடைக்கேன்."

நான் குனிந்து பென்சிலைத் தேடினேன். கீழே பென்சில் எதுவும் விழவில்லை.

ஜன்னலோரம் லங்கூரோடு நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வந்தார். "வரைபடத்தையே சாவியாக்கிருவோம். பழைய லிங்க்கைத் திறந்தா வெறும் டெல்லி மேப் வரட்டும், புள்ளி ஒண்ணும் இருக்கக் கூடாது. நீ முதல்ல எங்க புள்ளி வச்ச, ரெண்டாவதா எங்க வச்ச, தொட்டுக் காட்டுன்னு கேப்போம். வரைஞ்சவளுக்குத்தான் தெரியும். தொட்டா புது லிங்க் குடுப்போம். நாலஞ்சு தடவை தப்பாத் தொட்டா மூடிக்கிடட்டும்."

"அவன் நின்ற இடம் அவனுக்கும் தெரியுமே, அண்ணாச்சி" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நின்ன இடம் தெரியும். அவ எதை முதல்ல வச்சா, எதை ரெண்டாவதா வச்சான்னு அவனுக்குத் தெரியாது. அந்தத் திரையை நீயே எழுது, பிள்ள. எழுத்து பெருசா இருக்கட்டும். கை நடுங்கும் அவளுக்கு."

என் கதவுக்கு நானே பூட்டுச் செய்தேன். சனிக்கிழமை மத்தியானம் அது வேலை செய்ய ஆரம்பித்தது. அண்ணாச்சி அன்று முழுவதும் அந்தப் பூட்டை உடைக்கப் பார்த்தார். ஒன்றைக் கூட்டினார், கழித்தார், பெருக்கினார். உடையவில்லை. அதற்கும் பயந்தார். "உடையலைன்னா நான் சரியாப் பாக்கலைன்னு அர்த்தம்."

ஞாயிற்றுக்கிழமை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய எண்ணை அடித்தேன். வெறும் டெல்லி வந்தது. நடுக்கத்தில் மெடிக்கல் ஷாப் முனையைத் தொட்டேன். தவறு என்றது, நானே எழுதிய பெரிய எழுத்தில். ஒரு கணம் என் வரைபடம் போய்விட்டது என்றே நினைத்தேன். முதல் புள்ளி என் வாசல் என்று பிறகுதான் நினைவு வந்தது. வாசலைத் தொட்டேன், மெட்ரோ வாசலைத் தொட்டேன். எல்லாப் புள்ளிகளும் வந்தன. மேலே ஆறு சொற்கள். பூட்டு, காலிபிளவர், பட்டம், தலையணை என்று என்னென்னவோ. மறுநாள் மெட்ரோவில் அவற்றை முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள், காலிபிளவர் சரோஜினி நகரில் மலிவு என்று சொன்னாள்.

திங்கட்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். வரவேற்க அண்ணாச்சியைக் கீழே அனுப்பினார்கள். மரியாதைக்காக லிஃப்டில் ஏற வேண்டியதாயிற்று. அதிகாரிகள் முன்னால் எனக்கு போன் செய்யவும் முடியாது. வெளியே வந்தபோது சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மூத்த அதிகாரி ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நாம் ஹி நஹி? பெயர்கூட வாங்காமல் எப்படி?" என்று முகத்தைச் சுளித்தார். முதலாளி உடனே, "ஓடிபி போட்டுவிடலாம் சார்" என்று வாயைத் திறந்தார்.

அவர்களோடு வந்திருந்த ஒரு பெண் அதிகாரி அதுவரை பேசவே இல்லை. "கொஞ்சம் நான் முயன்று பார்க்கலாமா?" என்று அண்ணாச்சியின் நாற்காலியைக் கேட்டு உட்கார்ந்தார். வரைபடத்தை நகர்த்தி, ஓரிடத்தைப் பெரிதாக்கி, கையை எடுத்துவிட்டு அப்படியே இருந்தார்.

அண்ணாச்சி கழுத்துத் துண்டை உருவி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

அவர் வாங்கித் தலையோடு சேர்த்து மானிட்டரை மூடிக்கொண்டார். உள்ளே விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, துண்டை மடித்துக் கொடுத்து, மூத்தவரிடம், "ரஹ்னே தீஜியே, சார்" என்றார். அப்படியே இருக்கட்டும். பெரியவர் ஏனோ மேலே கேட்கவில்லை. பொத்தான் பிழைத்தது.

அன்று மாலை ஆபீஸ் விட்டதும் அண்ணாச்சி என்னோடு படியிறங்கினார். நாங்கள் இருவருமே லாஜ்பத் நகரில் ரயில் மாற வேண்டும். மயூர் விஹார்க்காரரான அவருக்கு ஒரு பக்கம், எனக்கு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். அன்று அவர் என் பக்கம் வந்து நின்றார்.

"ஐ.என்.ஏ. மார்க்கெட்ல நல்லெண்ணெய் வாங்கணும்" என்றார்.

ஐ.என்.ஏ. வந்தது. அவர் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"அண்ணாச்சி, ஐ.என்.ஏ. வந்திருச்சு."

"கூட்டமா இருக்கும் பிள்ள. எனக்குக் கூட்டம்னா பயம். அடுத்ததுல இறங்கிக்கிடுதேன்."

அடுத்தது சரோஜினி நகர். டெல்லியிலேயே கூட்டமான மார்க்கெட். அங்கேயும் இறங்கவில்லை. பிகாஜி காமாவில் எனக்கு முன்னால் இறங்கினார்.

பனிப்புகையில் சந்து பாதிதான் தெரிந்தது. அண்ணாச்சி குரங்குக் குல்லாயை மாட்டினார், டார்ச்சை எடுத்தார், விசிலை வாயில் வைத்துக்கொண்டார். முகமத்பூர் நாய்களுக்கு அவரைத் தெரியாது, குரைத்துக்கொண்டு வந்தன. பிஸ்கட்டைப் போட்டார். அவ்வளவுதான், வாலை ஆட்டிக்கொண்டு மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் சேர்ந்துவிட்டது. "பிள்ள, ஒண்ணும் கடிக்காதுல்லா? பிள்ள, அந்தக் கறுப்பு என்னையே பாக்குது" என்று விசிலுக்குப் பின்னாலிருந்து புலம்பிக்கொண்டே, நாய்கள் புடைசூழ நடந்தார்.

மெடிக்கல் ஷாப் முனையில் அவன் நின்றான்.

என் நடை நின்றுவிட்டது. நான் கையைக்கூட நீட்டவில்லை. எந்த முனை என்று அண்ணாச்சிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேராக அவனிடம் போனார். டார்ச்சை அவன் முகத்தில் அடித்தார். ஒளி அவன் முகத்தில் மேலும் கீழும் ஆடியது.

"பையா, ஆப்கா நாம் க்யா ஹை?" தம்பி, உன் பெயர் என்ன என்றார்.

அவன் கண்ணை மறைத்துக்கொண்டான். "க்யூன்?" எதற்கு என்றான்.

"நாம் போலோ! ஃபோன் நம்பர் போலோ! ஓடிபி ஆயேகா, வோ பீ போலோ!" பெயர், போன் நம்பர், இனி வரப்போகிற ஓடிபி. எனக்காக வேண்டாம் என்று சண்டை போட்டதையெல்லாம் அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மூச்சு முட்டியதோ என்னவோ, விசிலை ஊதிவிட்டார். நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைத்தன. மெடிக்கல் ஷாப்காரர் வெளியே வந்தார், மோமோ கடைக்காரர் வந்தார், மாடியிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து "கோன் ஹை?", யாரது என்றாள். அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பெயரைச் சொல்லவில்லை. பின்னால் நகர்ந்து, திரும்பி, வேகமாக நடந்து, கடைசியில் ஓடினான்.

அண்ணாச்சி மெடிக்கல் ஷாப் படியில் உட்கார்ந்துவிட்டார். சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு குடித்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது பிள்ள" என்றார் அவசரமாக. "நான் நல்லெண்ணெய் வாங்க வந்தவன்."

அந்தக் குளிர்காலம் முடியும்வரை அவருக்குத் தினமும் நல்லெண்ணெய் தேவைப்பட்டது. ஒருநாளும் வாங்கவில்லை. அவன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அந்த வரைபடம் யாருடையது என்று அண்ணாச்சி கடைசிவரை கேட்கவும் இல்லை. இப்போது மகளோடு பெங்களூரில் இருக்கிறார். அங்கே மரம் விழுமாம், குடையோடு ஹெல்மெட்டும் வைத்திருக்கிறாராம். நான் அறையை மாற்றிவிட்டேன். ஆறு சொற்களை மறக்கவில்லை.

என் வரைபடத்தில் கடைசியாக நான் வைத்த புள்ளி மெடிக்கல் ஷாப் படியில் இருக்கிறது. பக்கத்தில் 'இங்கே அண்ணாச்சி உட்கார்ந்து சோடா குடித்தார்' என்று எழுதியிருக்கிறேன். நீண்ட நாள் திறக்காவிட்டால் தானே அழிந்துவிடும் என்று அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னவர் அவர்தான். அதனால் நினைத்துக்கொண்டு நினைத்துக்கொண்டு அதைத் திறந்து பார்க்கிறேன். அவனைப் பற்றிய பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது, அண்ணாச்சி. இந்த ஒரு புள்ளி அழிந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.